காது கேட்காதவர் ஆரம்பித்த கச்சேரி

வீட்டுக்குள் சங்கீதத்தைக் கொண்டுவந்து இறக்கிய மகான் தாமஸ் ஆல்வா எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. கிண்டல் என்னுடையது இல்லை, சரித்திரத்தினுடையது! 1877-ல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார், சரி. பிற்பாடு யார் பாட்டை ரெகார்ட் செய்யலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியிலும் அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார். காது ஒத்துழைக்காதபோது போனோகிராஃப் பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு எலும்பு வழியாக உள்காதுக்குப் போய்ச் சேரும். ஆக, ஹை-ஃபை உலகின் முதல் விமர்சகர் பாட்டைக் கடித்துப் பார்த்துத்தான் ருசி சொன்னார்.

இந்தப் பெட்டியை விற்க 1915 வாக்கில் 'டோன் டெஸ்ட்' என்று ஊர் ஊராக ஒரு ஷோ நடத்தினார்கள். மேடையில் பெட்டி, பக்கத்திலேயே நிஜப் பாடகி. திடீரென்று விளக்கு அணையும், பாட்டு நிற்காது. மறுபடி விளக்கு எரியும்போது பாடகியைக் காணோம்! இருட்டில் பாடியது பெட்டிதான். கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ் என்ற அம்மையார் வெகுகாலம் கழித்து, 1972-ல், விஷயத்தைப் போட்டு உடைத்தார். மெஷின் அவரைப் போலப் பாடவில்லையாம். அவர்தான் மெஷினைப் போலப் பாடினாராம்.

'இளசுகளுக்கு ரசனை போச்சு' என்ற புலம்பல் ஏதோ ப்ளூடூத் வந்த பிறகு ஆரம்பித்தது என்று நினைக்கிறீர்களா? 1906-லேயே ஜான் ஃபிலிப் சூசா என்ற பேண்டு மாஸ்டர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்க் கண்ணீர் விடாத குறையாக முறையிட்டார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் எல்லாம் இப்போது மெஷினைப் பாடவிடுகிறார்கள், இப்படியே போனால் குரங்கிலிருந்து வந்த மனிதனுக்கு வால் போனது போலக் குரல் நாணும் போய்விடும் என்றார். அவருடைய பேண்டு வாசித்த ரெகார்டுகள் அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன என்பதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஐம்பதுகளுக்கு வருவோம். அமெரிக்க அப்பாக்களுக்கு ஹை-ஃபை ஜுரம் பிடித்த காலம். இவ்வளவு செலவு செய்து வாங்கிய செட்டில் என்ன கேட்டார்கள்? பீத்தோவனா, பாக்கா? ரயில், ஐயா, ரயில்! எமரி குக் என்பவர் ரயில் சத்தத்தை மட்டும் பதிந்து எல்.பி. போட, அது பரபரப்பாக விற்றது. 1957-ல் ஆடியோ ஃபிடெலிட்டி கம்பெனி வெளியிட்ட ஸ்டீரியோ டெமோ ரெகார்டில் ஒரு பக்கம் ஜாஸ், மறு பக்கம் மறுபடியும் ரயில். சோபாவின் நட்டநடுவில் அப்பா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் இடது ஸ்பீக்கரில் கிளம்பி வலது ஸ்பீக்கருக்குப் போகும். நம் ஊரில் ரயில்வே கேட் பக்கத்தில் வீடு என்றால் வாடகையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவோம். அவர்கள் காசு கொடுத்து அதைக் கூடத்துக்கே வரவழைத்தார்கள்.

1979-ல் வாக்மேன் வந்தது. ரெகார்ட் பண்ணவே பண்ணாத டேப் ரெகார்டரை எவன் வாங்குவான் என்று சோனிக்குள்ளேயே கேட்டார்கள். சோனியின் பெரிய தலை அகியோ மொரீட்டாவுக்கு வேறு கவலை. வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்த்தார், மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உடனே ஒரே பெட்டியில் இரண்டு ஹெட்போன் சொருக இரண்டு ஓட்டை! இருவரும் பேசிக்கொள்ள ஓர் ஆரஞ்சு பட்டன் வேறு. உலகத்தின் குடும்ப ஒற்றுமையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவருக்கு. வாங்கியவர்களோ ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் போய்விட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் பட்டனையே காணோம்.

வாக்மேன் மாட்டிய இளசுகளெல்லாம் கெட்ட காதுகள், பெரியவர்கள்தான் தங்கக் காதுகள் என்பது ஹை-ஃபை உலகின் வேதவாக்கு. பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இரண்டு பேர் அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியையும், அதையே சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 2007-ல் முடிவு வெளியானது. 554 முறை கேட்டதில் 276 முறை சரியான பதில். நாணயம் ஒன்றைச் சுண்டிப் போட்டிருந்தால் அது இன்னும் ஓரிரண்டு மார்க் கூடவே வாங்கியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய கூத்து 2022-ல். மொபைல் ஃபிடெலிட்டி என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி. அசல் டேப்பிலிருந்து நேராக எடுத்த எல்.பி. என்று நம்பி ரசிகர்கள் ஒரு தட்டுக்கு 125 டாலர் வரை அழுதார்கள். ஆகா, அந்த அனலாக் கதகதப்பு டிஜிட்டலில் வருமா என்று உருகினார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதி போடப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்ததும்தான் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது: அத்தனை பிரதிக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அசல் டேப் தாங்குமா? கிண்டிப் பார்த்தால், 2011-லிருந்தே நடுவில் ஒரு டிஜிட்டல் பிரதி இருந்திருக்கிறது! பத்து வருடம் ஒரு தங்கக் காதுக்கும் உறைக்கவில்லை. கொதித்துப்போய் கேஸ் போட்டார்கள். போட்டது கம்பெனி மேல். நியாயமாகப் பார்த்தால் தங்கள் காதுகளையும் இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

இப்போது இளசுகளைத் திட்டலாமா? அமெரிக்காவில் எல்.பி. வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம் அதைச் சுற்றிக் கேட்க பிளேயரே கிடையாது என்று 2023-ல் லூமினேட் நிறுவனத்தின் கணக்கு வந்தது. சுவரில் மாட்டி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கென்னவோ அந்தப் பசங்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கேட்காத எல்.பி.யில் டிஜிட்டல் கலந்திருந்தால் என்ன, கலக்காவிட்டால் என்ன?

அதோடு அவர்கள் காது ஒன்றும் சோடை இல்லை. ஹார்மன் கம்பெனியின் ஷான் ஆலிவ் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து எம்பி3 ஒன்று, சி.டி. தரம் ஒன்று என்று போட்டுக் காட்டினார். எது எது என்று சொல்லவில்லை. பெரும்பாலும் சி.டி.யைத்தான் பிடித்தது என்றார்கள். இதில் இயற்கையின் குசும்பு வேறு இருக்கிறது. உச்ச ஸ்தாயி முழுசாகக் கேட்கும் இருபது வயதில் கையில் காசு இருக்காது. ராட்சச ஸ்பீக்கர் வாங்கக் காசு சேரும் அறுபதில் அந்த ஸ்தாயி காதை விட்டே போயிருக்கும்.

அப்படியானால் அடுத்த தலைமுறை ஹை-ஃபைக்கு முழுக்குப் போட்டுவிடுமா? கவலையே வேண்டாம். சீனாவிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் ஐ.ஈ.எம். இயர்போனை வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் இப்போதே தயார். அதன் ஒயரைக் கழற்றி வேறு ஒயர் மாட்டுகிறார்கள். வெள்ளியா, செம்பா என்று விடிய விடியச் சண்டை. காதுக்குள் போகும் ரப்பரை மாற்றினால் வயலின் வேறு மாதிரிக் கேட்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்ல, இல்லவே இல்லை என்று இன்னொருவர் நாலு பக்கம் எழுதுகிறார். இந்தப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் சம்பளம் ஏறும், ஸ்தாயி இறங்கும். ஸ்பீக்கர் கடைக்காரர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.