குழிக்குக் குழி தள்ளுபடி

கோல்ஃபைப் போல கருணையுள்ள ஆட்டம் உண்டா? பதினெட்டுக் குழியிலும் பந்தைப் போட்டு முடிக்க வழக்கமாக 72 அடி. நம்மவர் 108 அடிக்கிறார். வெட்கப்பட வேண்டுமா? சேச்சே! அவருக்கு ‘ஹேண்டிகேப்’ என்ற தள்ளுபடி 36. கழித்தால் 72. கைகுலுக்கி காபி சாப்பிடப் போகிறார்கள். 2020 முதல் உலக விதியே 54 வரை கழித்துக்கொள்ளச் சொல்கிறது.

இந்தப் பெருந்தன்மை கோவை செட்டிபாளையத்து கோல்ஃப் மைதானத்தோடு நின்றுவிடலாமா? கோபிசெட்டிபாளையம் என்ன பாவம் செய்தது? கணக்கில் 20 வாங்கிய பையனுக்கு ஹேண்டிகேப் 15; பாஸ். ஈரோட்டு பஸ் முக்கால் மணி லேட்டா? அதன் ஹேண்டிகேப் 45 நிமிஷம். டாண் என்று வந்துவிட்டது. குழிகளிலும் நாம் ஒருபடி மேல். கோல்ஃப் குழி நாலேகால் அங்குல அகலம். நம்ம ரோட்டுக் குழியில் வண்டியே இறங்கும், குறி தப்பாது.

பேராசை மட்டும் கூடாது. இந்த வருஷம் 108, அடுத்த வருஷம் 105. அவசரமென்ன?

தடப்பள்ளி வாய்க்கால் விவசாயி ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நல்லா ஆடுனா இந்தத் தள்ளுபடியக் கொறச்சுப்போடுவாங்களா?”

“ஆமாங்க.”

“அப்பறம் எந்தக் கிறுக்கனுங்க நல்லா ஆடுவான்?”