நியூட்ரலில் உறுமும் வண்டி

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவனுக்குச் சம்பா அறுவடை நேரத்தில் தனி மரியாதை. நெல் களத்தில் குவிந்துவிட்டால், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காத பங்காளிகூட, "தம்பி, வண்டி சும்மாத்தான நிக்குது?" என்று வாசலில் வந்து நிற்பார்.

என் வண்டி சும்மா நிற்பதில்லை. நின்ற இடத்திலேயே ரேஸ் ஆகும். 700, 800 சுற்றில் அடக்கமாக ஓட வேண்டிய டீசல் எஞ்சின், ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோதே, பாரத்தோடு பாலம் ஏறுவதுபோல உறுமும். அதுவும் எப்போதாவதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளோடு வரிசையில் நிற்கும்போது கட்டாயம் வரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவியில் பார்த்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து, "என்னங்க அவசரம்? எல்லாரும் வரிசையிலதான நிக்கிறாங்க" என்பார். ஹாரன் அடித்தவனையாவது மன்னிப்பார்கள்; ரேஸ் கொடுப்பவனுக்கு மன்னிப்பு கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி வாயே திறக்காது. "நல்லாத்தானண்ணே இருக்கு?" என்று மெக்கானிக் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

டெல்டாவில் வியாதியைச் சொன்னால் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. டீசலில் கலப்படம் என்றார் ஒருவர். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த தம்பி, "வேக்குவம் ஹோஸ் லீக்" என்றான். பெட்ரோல் வண்டியாக இருந்தால் சரி. த்ராட்டிலைத் தாண்டித் திருட்டுக் காற்று புகுந்தால் ஐடில் ஏறும். என்னுடையது பழைய பம்ப் டீசல். இதில் காற்றை அடைத்துத் திறக்கக் கதவே இல்லை. பம்ப் எவ்வளவு டீசல் விடுகிறதோ அவ்வளவு வேகம். அந்த அளவைப் பம்புக்குள் இருக்கும் கவர்னர்தான் கவனித்துக்கொள்ளும் என்றேன். கவர்னர் என்ற சொல் காதில் விழுந்ததும் டீக்கடை அரசியலுக்குத் தாவிவிட்டது. வண்டியை அப்புறம் யாரும் சீந்தவில்லை.

இன்னொரு மெக்கானிக் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் குறைத்துவிட்டார். மறுநாள் பனிக் காலையில் ஸ்டார்ட் செய்தால், இரண்டு இருமலோடு ஆஃப். மதியம் பழையபடி உறுமல். ஒரு வியாதிக்குக் கூலி கொடுத்து இரண்டாக்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் கரந்தைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக். பானெட்டையே தொடவில்லை. "எப்பெப்ப வருது?" என்று மட்டும் கேட்டார். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு. அழுத்தி மிதித்துக் காலை எடுத்ததும். காலையில் ஒருநாளும் இல்லை என்றேன். "அடுத்த தடவ ஏறுனா பம்புல இருக்க லிவரக் கையால பின்னுக்குத் தள்ளிப் பாருங்க. வேகம் எறங்குச்சுன்னா கேபிள், பெடல், ஸ்பிரிங்கு இதுல ஒண்ணு. லிவரு ஸ்க்ரூல முட்டிக்கிட்டு நிக்கிறப்பவே ஏறுச்சுன்னாதான் பம்ப்பு வேலை. துண்டு பத்திரம், ஃபேன் இழுத்துரும்."

கொள்முதல் வரிசையிலேயே பானெட்டைத் தூக்கினேன். சுற்றி நின்றவர்கள் மூட்டையை மறந்து கூடிவிட்டார்கள். லிவரைத் தள்ளியதும் எஞ்சின் அடங்கியது.

கேபிளை உருவிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. உறைக்குள் பழைய கிரீஸும் நெல் சுணையும் குழைந்து பசையாகிக் கிடந்தன. அறுந்த கம்பி இழை ஒன்று உறையில் கொக்கி போட்டுக்கொண்டிருந்தது. சூட்டில் பிடித்துக்கொள்ளும்; நன்றாகக் குலுக்கினால் விட்டுவிடும். ஒர்க்‌ஷாப் இருக்கும் சந்தில் பள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை. மெக்கானிக்கிடம் போய்ச் சேருமுன்பே ரோடு வைத்தியம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் இலவசமாக!

புதுக் கேபிள் போட்டு, ஸ்லோ ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பியாயிற்று. பழைய டீசல் வண்டிக்காரர்களே, ஐடில் தானாக ஏறினால் ஸ்க்ரூவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். முதலில் லிவரைத் தள்ளிப் பாருங்கள். கேபிள் செலவு நூறுகளில் முடிந்துவிடும். பம்பைப் பிரித்தால் பேச்சே ஆயிரங்களில்தான் ஆரம்பிக்கும்.