பட்டதாரிக்குப் பட்டை நாமம்

டொராண்டோவில் டாக்சி ஓட்டும் டாக்டரைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதாத ஆண்டு கிடையாது. சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் அங்கே விமான நிலைய வாசலில் குளிரில் சவாரிக்குக் காத்து நிற்கிறார் என்று படித்தால் நமக்கு நெஞ்சை அடைக்கும். 'கனடிய அனுபவம் உண்டா?' என்று கேட்கும் வெள்ளைக்காரனின் திமிரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிழித்துத் தொங்கவிடுவோம். அந்த டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு, 2023-இல் அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டது. நாம்தான் இன்னும் அழுகையை நிறுத்தவில்லை.

அழுது முடித்தவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு என்னோடு ஒரு நடை வரலாம். கனடா வரை போக வேண்டாம். ஆலங்குடி பக்கம் தோப்புக்கொல்லை, அறந்தாங்கி பக்கம் அழியாநிலை, திருமயம் பக்கம் லேனாவிளக்கு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் மூன்று இலங்கைத் தமிழர் முகாம்கள். டவுன் பஸ் டிக்கெட் விலையில் பார்த்துவிட்டு வரலாம், விசா தேவையில்லை.

காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் ஆம்பிளைகளைப் பார்க்க முடியாது. கறை படிந்த சட்டை, பின்னால் ஒருவர் இரண்டு வாளியோடு, பைக் பைக்காகப் பெயிண்டிங் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். தமிழ்நாடு முழுக்க முகாம்காரர்களின் தேசியத் தொழில் இதுதான். ஏன் பெயிண்டிங் என்று கேட்டால் பதில் ரொம்ப எளிது. சுவர் பாஸ்போர்ட் கேட்காது.

அந்த பைக்குகளில் பி.இ. முடித்தவர் இருப்பார், பி.எஸ்சி. முடித்தவர் இருப்பார், எம்.பி.ஏ.வும் இருக்கும். எல்லாம் இங்கே, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவை. உலகத்தில் மற்றவர்கள் அயல்நாட்டுப் பட்டத்தைத்தான் செல்லாது என்பார்கள். தான் நடத்திய தேர்வில் தானே மதிப்பெண் போட்டு, தானே முத்திரை குத்திக் கொடுத்த பட்டத்தை, வாங்கியவன் வாசலைத் தாண்டுவதற்குள் செல்லாக் காசாக்கும் வித்தை நமக்கு மட்டுமே கைவந்தது.

வேலைக்கான நேர்காணல் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கற்பனைதான். முகாமில் படித்துக் காட்டுங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

"மார்க் எல்லாம் பிரமாதம் தம்பி. பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்ல சார்."

"வோட்டர் ஐ.டி.?"

"இல்ல சார்."

"எங்க பிறந்தீங்க?"

"அறந்தாங்கி ஜி.எச்.ல சார்."

"அப்புறம் என்ன? எந்த நாட்டுக் குடிமகன்?"

"இலங்கைன்னு எழுதுவாங்க சார்."

"இலங்கைக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்பவும் செய்வார்கள், கம்பெனிச் சுவருக்கு இரண்டு கோட்டிங் அடிக்க ஆள் தேவைப்படும்போது.

தப்பித்தவறி வேலை கிடைத்தாலும் வெளியூரில் இரவு தங்க அனுமதி வாங்க வேண்டும். ஆள் எண்ணும் தணிக்கை நாளன்று முகாமில் தலையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடையின் பட்டியலில் பெயருக்கு ஆபத்து. 'சார், தணிக்கைக்கு லீவு வேணும்' என்று ஊழியர் கேட்டால், மேலாளர் அதை வருமான வரித் தணிக்கை என்று நினைத்து மரியாதை கொடுத்தால் உண்டு. கியூ பிராஞ்ச் போலீஸ் என்று விளக்கம் சொன்ன நாளோடு அந்த மரியாதையும் போய்விடும்.

இது இங்கே படித்த பிள்ளைகளின் கதை. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ படித்து, குண்டுக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களின் கதை இன்னும் ருசியானது. சான்றிதழுக்கு அந்த நாட்டின் சான்றொப்பம் வாங்கி வா என்போம். எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதே அரசின் கவுன்ட்டரில் போய் நிற்கச் சொல்கிறோம், வெற்றிலை பாக்கு மட்டும்தான் வைக்கவில்லை. சரி, அவர் மருத்துவர் என்று வையுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு தகுதித் தேர்வு உண்டு. உக்ரைனிலும் சீனாவிலும் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகள் எழுதுகிறார்களே, அதுதான். தேறினால் வைத்தியம் பார்க்கலாம். நியாயம்தானே? ஆனால் அதை எழுதவே இந்தியக் குடிமகனாகவோ ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். அறிவு இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. வழக்கறிஞராகலாம் என்றால் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 24-ஆவது பிரிவை நீட்டுகிறது. அதற்கும் குடிமகனாக இருக்க வேண்டும். அயல்நாட்டவர் என்றால் அவருடைய நாடு நம்மவரை அனுமதித்திருக்க வேண்டும். துரத்திய நாடு இவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும் என்று காத்திருக்கலாம்.

மத்திய அரசுப் பணித் தேர்வு அறிவிக்கை எதையாவது எடுத்துத் தகுதிப் பகுதியைப் படித்துப் பாருங்கள். நேபாளத்தவர், பூட்டானியர் விண்ணப்பிக்கலாம். 1962 ஜனவரி 1-க்கு முன் வந்த திபெத்திய அகதிகள் விண்ணப்பிக்கலாம். அவர்களில் இளையவருக்கே அறுபது தாண்டியிருக்கும், வாழ்த்துகள். அடுத்த வரியில், நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்துடன் வந்த இந்திய வம்சாவளியினர் வரிசையில், பாகிஸ்தான், பர்மாவோடு இலங்கையும் அச்சாகியிருக்கிறது! முகாம்களில் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று ஆள் எண்ணிப் பங்கு பிரித்தார்களே, அந்தத் தேயிலைத் தோட்டத்து வம்சம். விண்ணப்பிக்கலாம்தான், மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கையில் இருந்தால். சட்டவிரோதக் குடியேறி என்று எழுதிவைத்திருக்கும் அரசிடமே போய், தகுதி உடையவன் என்று எழுதி வாங்கி வர வேண்டும்.

குடியுரிமைதான் சாவி என்றால் அதைக் கொடுத்துத் தொலைக்கலாமே? கொடுக்கிறார்கள். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 2024 மார்ச்சில் விதிகளும் போட்டு, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இலங்கை பட்டியலில் இல்லை. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கடலுக்குப் போகிறவனை அந்நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் அளவுக்கு இலங்கை நமக்கு அருகில் இருக்கிறது. டெல்லியின் வரைபடத்தில் ஆப்கானிஸ்தான் இன்னும் பக்கம் போலிருக்கிறது. இங்கேயே பிறந்தாலும் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. கருவிலேயே கெசட் படிக்காத பிள்ளைகளின் தப்புதான்.

பேரருள் ஒன்றும் கிடைத்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, உரிய ஆவணம் இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று 2025-இல் ஆணை வந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு, ஜெயிலில் போடாமல் இருப்பதே பரிசு. அதே ஆண்டு மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. ஒத்துக்கொள்கிறேன். தர்மசாலையில் வந்தவனை உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

டெல்லியைத் திட்டினால் சென்னைக்குக் குளுகுளு என்றிருக்கும். அதற்காக விட்டுவிட முடியாது. 2021-இல் முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடிக்குத் திட்டம் அறிவித்தார். 7,469 வீடுகள் என்றார், பணக்கொடையை உயர்த்தினார், பொறியியல் மாணவர்களுக்குக் கட்டணம் என்றார். நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. 'அகதிகள் முகாம்' போய் 'மறுவாழ்வு முகாம்' வந்தது. புதுப் பலகையை எழுதியவர் எந்த வருஷத்து பி.இ.யோ. கட்டணம் கட்டிப் படிக்கவைத்த அரசு, படித்தவனுக்குத் தன் கையில் இருக்கும் ஒப்பந்த வேலையையாவது கொடுத்ததா? சிப்காட்டில் நிலமும் சலுகையும் வாங்கும் கம்பெனியிடம், இந்தப் பிள்ளைகளைப் பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்பாதே என்று ஒரு வரி நிபந்தனை போட என்ன செலவாகும்? மேடை ஏறினால் எல்லாக் கட்சிக்கும் தொப்புள்கொடி உறவு. மேடைக்குப் பின்னால் பேனர் கட்டக் கம்பு நடுவது யாரென்று பார்த்தால், அதே உறவு.

இத்தனைக்கும் இந்தப் புதுக்கோட்டை எப்படிப்பட்ட ஊர்? ஒரு பெண் ஆண்கள் கல்லூரியில் படிப்பதா என்று பெரிய மனிதர்கள் குதித்தபோது, சேர்த்துக்கொள் என்று ராஜா உத்தரவு போட்ட ஊர். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அன்று விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் டாக்டராகியிருக்க மாட்டார். இன்று முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முகாம் பிள்ளை உள்ளே போகலாம், ஸ்டெதஸ்கோப்போடு அல்ல, ஏணியோடு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஓட்டுக் கேட்டு வருபவர் உங்கள் வாசலில் நின்று 'தொப்புள்கொடி' என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். முகாமில் எத்தனை பட்டதாரிகள், அதில் எத்தனை பேருக்குப் படிப்புக்கேற்ற வேலை என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். முகாம்காரர்கள் அதைச் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஓட்டு கிடையாது.