அனகினின் அம்மாவைத் தொடாதீர்கள்!

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' முன்கதைப் படங்கள் ஏமாற்றிவிட்டன. பொம்மசந்திரா மெட்ரோவில் போகும்போதெல்லாம் நானே கதையை மாற்றி எழுதுகிறேன். தப்பா?
– வாசகர், பொம்மசந்திரா

பதில்: தப்பே இல்லை! 1999-இல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் கத்தரித்து, அதில் வரும் கோமாளிப் பாத்திரம் ஜார் ஜார் பிங்க்ஸின் சேட்டையைக் குறைத்து 'தி ஃபேன்டம் எடிட்' என்ற பதிப்பைச் செய்தவரும் ஒரு ரசிகர்தான். கதையை விட மனமில்லாத இந்த ஆசை நம்மிடமும் உண்டு. 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும் 'அப்புறம் என்னாச்சு?' என்று வாசகர்கள் துளைத்தெடுக்க, கல்கியே முடிவுரையில் பதில் சொன்னார். எழுத்தாளர் விக்கிரமனோ 'நந்திபுரத்து நாயகி' என்று நாவலாகவே தொடர்ந்தார். பாசம் இருப்பவர்தானே பேனாவைப் பிடுங்குவார்? தாராளமாக எழுதுங்கள். 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில், அடிமையாகவே நிற்கும் அம்மாவிடம் சிறுவன் அனகின் திரும்பி ஓடிவரும் காட்சியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.