வதந்திக்குச் சம்பளம் கிடையாது!

கே: கடைக்கே வராத கையடக்கக் கணினியைப் பற்றி மாதக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்களே, அந்த வதந்திகளில் ஏதாவது தேறுமா?

ப: 'வருகிறது' என்பது தேறலாம். மற்றதெல்லாம் அவரவர் ஆசை! ஐபேட் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஐஸ்லேட் என்றார்கள். விலை ஆயிரம் டாலரைத் தொடும் என்றார்கள். 2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் சோபாவில் சாய்ந்தபடி 9.7 அங்குலத் திரையை விரலால் தள்ளிக் காட்டினார் ஆப்பிள் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ். விலை சொல்லும் நேரம் வந்ததும், பின்னால் பெரிய திரையில் 999 டாலர் என்று போட்டுவிட்டு, அதன் தலையில் 499-ஐ 'டமால்' என்று விழவைத்தார். கைதட்டல்!

உடனே அடுத்த ரவுண்டு: "கேமரா இல்லை, ஃப்ளாஷ் வீடியோ ஓடாது, இது பெரிய சைஸ் ஐபாட் டச்!" கேலி அடங்குவதற்குள், ஏப்ரலில் விற்பனைக்கு வந்த 28 நாளில் பத்து லட்சம் போணியாகிவிட்டது.

ஆயிரம் டாலர் வதந்தி மட்டும் இல்லாவிட்டால் 499 மலிவாகத் தெரிந்திருக்குமா? சம்பளம், கமிஷன் எதுவும் கேட்காமல் உழைக்கும் விற்பனைப் பிரதிநிதி ஐயா, வதந்தி!