கப்பி ரோட்டுச் சாமி

பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே மனுவைத்தான் எழுதி வருகிறோம். 'எங்கள் ஊர் கப்பி ரோட்டைத் தார் ரோடாக மாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' 1989-இல் மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைநகர் ஆக்கினார்கள். அதன்பிறகு மனு கொடுக்க வேலூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. மனுவின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

நாம் இவ்வளவு பாடுபட்டு ஒழிக்கப் பார்க்கிற அந்த ரோட்டில் ஓட்டுவதற்கென்றே சீமையில் ஒரு சைக்கிள் செய்கிறார்கள். கிராவல் பைக் என்று பேர். பெங்களூரில் வேலை பார்த்த அக்கா மகன் வெளிநாடு போகும்போது, "மாமா, சும்மா நிறுத்தாதீங்க, அப்பப்ப ஓட்டுங்க" என்று அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரிச் சந்தில் இருக்கிற எங்கள் வீட்டுத் திண்ணையில் அது சாய்ந்து நின்றது. சாய்ந்துதான் நிற்கும், ஸ்டாண்டு கிடையாது.

"எவ்வளவாம்?" என்றாள் மனைவி.

"ஒன்றரை லட்சம்."

"கேரியர் எங்கே? மட்கார்டு? பெல்லு? செயினுக்குக் கவர்கூட இல்லையே?"

"அதெல்லாம் இல்லாததுக்குத்தான் காசு."

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கவர்ன்மென்டு சும்மா கொடுக்கிற சைக்கிளிலேயே முன்னால் கூடை இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சைக்கிள் நல்ல சைக்கிள்தான். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். டயர் நாற்பது மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிளைவிடத் தடிமன், மலையேற்ற சைக்கிளைவிட மெலிசு. காற்றைக் குறைத்தே வைக்க வேண்டும். அப்போதுதான் டயர் கல்லின் மேல் துள்ளாமல் கல்லை உள்வாங்கிக்கொண்டு போகும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்கிற சின்ன ஊரில் 2006-இலிருந்து இதற்கென்று பந்தயம் நடக்கிறது. மேடும் பள்ளமுமான மேய்ச்சல் நிலத்தின் ஊடே இருநூறு மைல், பெரும்பாலும் சரளைக்கல். இத்தாலிக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே. டஸ்கனியின் வெள்ளை மண்சாலைகளில் யாரும் தார் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகவே 1997-இல் லெரோய்க்கா என்று பழைய சைக்கிள்களின் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். வாஷிங்டனில் புறப்படுகிற 297 கிலோமீட்டர் பழைய கால்வாய் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கரையில் கோவேறு கழுதைகள் நடந்து படகை இழுக்கும். படகு நின்றுபோன பிறகு அந்தக் கரையில் கார் ரோடு போடலாம் என்று பேச்சு வந்தது. 1954-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸ் முழு நீளமும் நடந்து காட்டி அதைத் தடுத்தார். இப்போது அங்கே சைக்கிள் ஓடுகிறது. நம் ஊரில் நீதிபதி நடக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. அவரைத் தேடி நாம்தான் நடக்கிறோம்.

ஓட்டுவதற்கென்று மருமகன் ஓர் உடுப்பும் விட்டுப் போயிருந்தான். தொடையை விடாமல் பிடிக்கும் அரை டிராயர், முதுகில் மூன்று பை வைத்த சட்டை. இதை மாட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் இறங்கியபோதுதான் ஊரின் நிலவரம் உறைத்தது. 1934-இல் பால் பிரண்டன் ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியதிலிருந்து வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபடி இருக்கிறார்கள். வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி என்று அவர்கள் ஆசிரம வாசலில் நிற்க, வேட்டி கட்ட வேண்டிய நான் அவர்கள் ஊர் டிராயரில் போனேன். ஒரு ஜெர்மன்காரர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் "ஹலோ" என்றேன். முதுகுப் பையில் இருந்த வாழைப்பழத்தை ஆசிரமத்துக் குரங்கு ஒன்று எடுத்துக்கொண்டது. இந்தச் சட்டையை வடிவமைத்தவர் குரங்கில்லாத ஊர்க்காரர் என்பது நிச்சயம்.

கிரிவலப் பாதையில் போவதா வேண்டாமா என்பது பெரிய தத்துவப் பிரச்சினை. பதினான்கு கிலோமீட்டர். நிறைமாத கர்ப்பிணியான ராணி நடப்பதைப்போல அலுங்காமல் நடக்க வேண்டும் என்பது பெரியவர்கள் சொன்ன வேகக் கட்டுப்பாடு. சைக்கிளில் சுற்றினால் புண்ணியம் உண்டா என்று டீக்கடையில் கேட்டேன்.

"நடந்தா முழுசு. சைக்கிள்ல பாதி," என்றார் டீ மாஸ்டர். "கார்ல போனா அவ்வளவும் டீசலுக்கு."

பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரருக்குத் தொழில் அடிபடுகிற பேச்சு. "அதெல்லாம் ஆட்டோல சுத்துனாலும் உண்டு. மீட்டர் போடாததால எவ்ளோன்னு கணக்கு தெரியாது, அவ்ளோதான்."

வம்பே வேண்டாம் என்று சமுத்திரம் ஏரிப் பக்கம் திரும்பினேன். இந்த சைக்கிளுக்குப் பிறந்த வீடு ஏரிக்கரைதான். கெட்டித்த செம்மண், நடுநடுவே சரளை, ஒரு பக்கம் நீர், இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல், திரும்பிப் பார்த்தால் மலை. இதைப் போட்டவர்கள் சவாரிக்காகப் போடவில்லை. ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால் உபரித் தண்ணீர் கால்வாய் பிடித்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. பம்பு இல்லாமல், கரண்டு இல்லாமல், சரிவை மட்டும் நம்பிச் செய்த ஏற்பாடு. ஆகவே கால்வாய்க் கரையோடு போனால் மிதிக்காமலேயே ஊர் ஊராக இறங்கிப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. ஆனால் ஒரு கால்வாய் கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்ற பலகையில் போய் முட்டியது. மழைக்காலத்தில் தண்ணீரும் இதே பலகையைத்தான் படித்துவிட்டு யார் வீட்டுக்குள்ளாவது போகும்.

அந்த இடத்திலேயே சீமைக்கருவேல முள் ஏறியது. டயருக்குள் ஊற்றியிருந்த பசை பால்போலப் பீய்ச்சியது. முள்ளின் பருமன் பசைக்குக் கட்டுப்படவில்லை. தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்தேன். கடைக்காரர் டயரை நெம்பி, விரலை விட்டுச் சுற்றிலும் துழாவினார்.

"டியூப் எங்க சாமி?"

"கிடையாது."

மறுபடியும் ஒரு சுற்றுத் துழாவினார். பிறகு அமைதியாக ஒப்புக்கொண்டார். உள்ளே தேடிப்போனால் ஒன்றும் அகப்படாது என்பது இந்த வட்டாரத்தில் பஞ்சர் கடைவரை தெரிந்த விஷயம்.

தூரம் போக ஆசைப்பட்டால் சாத்தனூர் இருக்கிறது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த அணை, 119 அடி. முதலைப் பண்ணையும் மீன் வறுவலும் அங்கே விசேஷம். இரண்டாவதற்காகத்தான் நான் போவது. அணையிலிருந்து பிரிகிற பாசனக் கால்வாய்க் கரையில் ஜீப் தடம் இரண்டு கோடாக ஓடும், நடுவில் புல். சைக்கிளுக்கு அது சொர்க்கம். தண்ணீர் விட்டிருந்தால் மட்டும் ஒரு சங்கடம்: படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். வருவதைச் சொல்ல பெல் இல்லை. உடுப்போ, அறிவிக்காமல் போகக்கூடிய உடுப்பில்லை. ஆகவே தூரத்திலிருந்தே பலமாக இருமிக்கொண்டு போவேன். ஒரு பாட்டி தண்ணீருக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "சுக்குத் தண்ணி குடி சாமி!"

திரும்பும்போது தார் ரோடு. தை மாதமானால் எங்கள் பக்கத்துத் தார் ரோடெல்லாம் களம். போகிற வண்டி மிதிக்கட்டும் என்று கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அதன்மேல் ஏறிப் போனேன். ஒரு நெற்றுகூட உடையவில்லை.

"இன்னா சாமி, சத்தமே காணோம்? இன்னும் நாலு தபா போய் வா," என்றார் அங்கிருந்த அம்மா. போய் வந்தேன். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். முழு நெற்று.

"இன்னா வெயிட்டு இது?"

"பத்து கிலோம்மா."

"வெல?"

சொன்னேன். காசுக் கணக்கு அவருக்குக் கண் இமைக்கிற நேரம்தான்.

"அடியே," என்று எதிர் ஓரத்தில் இருந்தவளைக் கூப்பிட்டார், "கிலோ பதினஞ்சாயிரமாம்டி!"

அதற்குள் பின்னால் ஆரன் கேட்டது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, முன்னால் புண்ணாக்கு மூட்டையோடு ஒரு டிவிஎஸ் எக்ஸெல். "அப்டி ஓரமா நில்லு சாமி, வண்டி வருது," என்று என்னைக் கையைப் பிடித்து ஒதுக்கினார். எக்ஸெல் ஏறியதும் கொள்ளு படபடவென்று வெடித்தது.