தோல் வாசனை வருதா மாமா?

கட்டுப்படியாகிற விலையில் நல்ல ஸ்காட்ச் எது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகத்தான் இந்தக் கட்டுரை. பெயர் என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் என் அக்கா மகனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு வந்தவன் கையில் ஒரு சிங்கிள் மால்ட் இருந்தது. தூக்கி வளர்த்த பாசம் எங்கே போகும் என்று பூரித்துப்போய், மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, சோடா, ஐஸ், வறுகடலை எல்லாம் எடுத்து வைத்தேன். அவன் சோடாவையும் ஐஸையும் புறங்கையால் ஒதுக்கினான். பையைத் திறந்து, வாய் குறுகி வயிறு பெருத்த இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் துடைத்தான். ஒவ்வொன்றிலும் அடி நனைகிற அளவுக்கு ஊற்றினான். பிறகு இங்க் ஃபில்லரை எடுத்து, ஆமாம், இங்க் ஃபில்லர்தான், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டான். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"குடிக்காதீங்க மாமா. முதல்ல மோந்து பாருங்க. தோல் வாசனை வருதா?"

கேட்டது யாரிடம்? ஆம்பூர் டேனரிகளில் ஃபினிஷிங் டெக்னீஷியனாகவே தலை நரைத்தவனிடம்! பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்குள் கண்டுபிடித்துவிடுகிற வாசனை அது. அதை நான் காசு கொடுத்து, மூக்கை டம்ளருக்குள் விட்டுத் தேட வேண்டுமாம்.

"எந்தத் தோல்?" என்று கேட்டேன்.

"தோல்னா தோல்தான் மாமா. ரிவ்யூவில போட்டிருக்கான். ஓல்ட் லெதர்."

ஓல்ட் லெதராம். இந்த விஸ்கி விமர்சகர்களில் ஒருவராவது டேனரிக்குள் காலை வைத்திருப்பாரா? உப்புப் போட்டு லாரியில் வந்து இறங்குகிற பச்சைத் தோலுக்கு ஒரு வாசனை. அதை ஊறவைத்த தண்ணீருக்கு வேறு வாசனை. சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு முடி கழிக்கிற இடத்தில் அழுகின முட்டை நாற்றம், புதிதாக வேலைக்கு வருகிற பையன் அன்று மத்தியானம் சாப்பிட மாட்டான். தோலை மிருதுவாக்க இப்போது என்சைம் போடுகிறோம். விமர்சகரின் முப்பாட்டன் காலத்து லண்டனில் அதே வேலைக்கு நாய் விட்டை போட்டார்கள், தெருத்தெருவாகப் பொறுக்கிக்கொண்டு வந்து விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 'ஓல்ட் லெதர்' என்று எழுதும்போது அந்த ஓல்டைத்தான் சொல்கிறாரா? பிறகு ஆசிட்டும் உப்பும் சேர்ந்த பிக்கிள். குரோமியம் ஏறி நீல நிறமாக டிரம்மிலிருந்து வழுக்கிக்கொண்டு விழுகிற வெட் ப்ளூவுக்கு ஈரச் சிமெண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாசனை. அதற்கு எண்ணெய் கொடுக்கிற இடத்தில் மீனெண்ணெய். கடைசியாக என் டிபார்ட்மெண்ட், அங்கே லேக்கரும் தின்னரும் மட்டும்தான். நீங்கள் கடையில் புது ஷூவை முகர்ந்து பார்த்து 'ஆகா, ஒரிஜினல் லெதர்' என்கிறீர்களே, அதில் பாதி நான் ஸ்ப்ரே அடித்தது.

"இதுல எந்த ஸ்டேஜுடா உன் விஸ்கியில வருது?"

பையன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். நான் விடவில்லை. விமர்சகருக்குத் தெரிந்தது அநேகமாகக் குதிரைச் சேணம், அது மரப்பட்டையில் பதனிட்ட தோலாக இருக்கும் என்றேன். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவார்களே, அந்த வழி. அதற்கு வாசனை உண்டு, மறுக்க மாட்டேன். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஓக் மரப்பட்டையை இடித்துப்போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். அதே ஓக் மரத்தை அறுத்துப் பீப்பாய் செய்து, வடித்தெடுத்த சாராயத்தை ஊற்றி வைக்கிறார்கள். வடிக்கும்போது அது பச்சைத் தண்ணீர் நிறம்தான். மரத்தில் இருக்கிற டேனின் ஏறித்தான் பழுப்பாகிறது, நாக்கைப் பிடிக்கிறது. பட்டையில் பதனிடுகிற தோலில் ஏறுவதும் டேனின்தான். ஆகவே நீ குடிப்பது பதனிட்ட சாராயம், உன் காலில் இருப்பது பதனிட்ட தோல், இரண்டும் ஒரே தொழில் என்றேன்.

வித்தியாசம் மரியாதையில்தான். அவர்கள் மூன்று வருடமாவது ஓக் பீப்பாயில் ஊறவைக்காமல் ஸ்காட்ச் என்று பெயர் வைக்கக் கூடாது, சட்டம் அப்படி. பன்னிரண்டு வருடம் ஊறவைத்தால் பெட்டியில் தங்க எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கலவையில் இருக்கிற ஆக இளைய சரக்கின் வயதுதான் அந்த எண், பதினொன்றே முக்கால் வருடச் சரக்கு ஒரு கரண்டி சேர்ந்தாலும் பன்னிரண்டு என்று போட முடியாது. நான் ஒரு லாட்டைப் பன்னிரண்டு நாள் தாமதித்தால் முதலாளி என்னை ஊறவைத்துவிடுவார். நிறத்திலும் அநியாயம். நாங்கள் டை ஏற்றினால் பையரின் ஆள் வெள்ளைத் துணியை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து, துளி நிறம் ஒட்டினாலும் லாட்டையே ரிஜெக்ட் செய்வார். ஸ்காட்ச்சில் நிறம் குறைந்தால் கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்த்துக்கொள்ளலாம், சட்டமே அனுமதிக்கிறது. யாராவது துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்களா?

இன்னொரு வகை ஸ்காட்ச்சில் டிஞ்சர் வாசனை, ஆஸ்பத்திரி வாசனை எல்லாம் வருமாம். ஐலா தீவில் முளைவிட்ட பார்லியைப் பீட் புகையில் உலர்த்துவதால் வருவது, அதற்கு விலை இன்னும் அதிகம். தோல் வாசனையும் ஆஸ்பத்திரி வாசனையும் சேர்ந்து வேண்டுமென்றால் ஆம்பூரில் பஸ் ஏறி வேலூர் சி.எம்.சி. எதிரில் இறங்கினால் போதும். பஸ் கட்டணத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு இரண்டாவது ரவுண்டு வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பாட்டில் விலையை மட்டும் சொன்னான். என் மாமனார் காலமான வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்த செலவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுப்படியாகிற விலை என்றால் என்ன?

அதற்கு முதலில் சரக்கு இங்கே வந்த கதை. வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981-இல் கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அதே 1981-இல்தான் எம்.ஜி.ஆர். அரசு மதுவிலக்கை விலக்கிக்கொண்டது. சாமியும் வந்தார், சரக்கும் வந்தது, ஆறுதான் இன்னும் வரவில்லை. 1983-இல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்தில் இறங்கியது, 2003-இல் சில்லறையும் அதன் கைக்குப் போனது. இத்தனைக்கும் நடைமுறையில் இருப்பது 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம்தான். பாட்டிலை விற்கிற நிறுவனம் இருப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ். ஒரே கதவில் 'தள்ளு' என்றும் 'இழு' என்றும் எழுதி வைத்தால் நம் ஆள் நடுவில் நின்று குவார்ட்டர் கேட்பான்.

விலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் பாட்டிலில் அடைத்து வருகிற சரக்குக்கு 150 சதவீதம் சுங்க வரி என்பதே பல வருட வழக்கம். அதன் தலையில் மாநிலத்தின் ஆயத்தீர்வை, அதற்கும் மேல் மதிப்புக் கூட்டு வரி. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 150 என்பது 75 ஆகும், பத்தாவது வருடம் 40 ஆகும் என்று ஏற்பாடு. அன்று சாயங்காலமே எங்கள் டீக்கடை பெஞ்சில் "இனிமே ஸ்காட்ச் பாதி விலை சார்" என்று சத்தியம் செய்தார்கள். வரி பாதியானால் விலை பாதியாகாது அப்பா, குறைவது டெல்லியின் பங்கு மட்டும், சென்னையின் பங்கு அப்படியே நிற்கும் என்று எடுத்துச் சொன்னேன். "இன்னா சார் நீ, நல்ல சேதி சொன்னா அபசகுனமா பேசிக்கினு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்தாவது வருடம் என்றால் எனக்கு டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஸ்காட்ச் மலிவாகும்போது நான் மாத்திரையில் இருப்பேன்.

அடுத்தது, பீப்பாய் பீப்பாயாக இறக்குமதி செய்து இங்கே தண்ணீர் சேர்த்துப் பாட்டிலில் அடைக்கிற ஸ்காட்ச். டீச்சர்ஸ், ஹண்ட்ரட் பைப்பர்ஸ், வாட் 69, பிளாக் அண்ட் ஒயிட் எல்லாம் இந்த வகை. சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று கட்டாயம், கலவைச் சரக்குக்கு அப்படி இல்லை. நாக்கைத் தொட்டுச் சொன்னால் இதில் ஒன்றும் குறையில்லை. அங்கே 40 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் போதும், இங்கே 42.8. மலிவாகவும் கொடுத்து 2.8 சதவீதம் கூடவும் போடுகிறார்கள். இதை நான் சொன்னதும் என் அக்கா மகன் மூக்கைச் சுளித்தான். அந்த மூக்குக்குத் தோல் வாசனை மட்டும் தெரியும்.

உள்நாட்டுச் சரக்கு எதற்குக் கேவலம் என்றும் கேட்கலாம். விஸ்கி என்று லேபிள் ஒட்டியவற்றில் பெரும்பகுதி சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்தது, ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். ஆனால் பெங்களூர் அம்ருத் 2004-இல் பார்லியில் செய்த தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் விற்பனைக்கு வைத்தது. திருநெல்வேலிக்கே அல்வா. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம்போல ஆவியாகும், தேவதைகளின் பங்கு என்று அழகாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பெங்களூரில் அது பத்து சதவீதத்தைத் தாண்டும். வேலூர் சித்திரை வெயிலில் வைத்தால் தேவதைகள் பீப்பாயையே தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

விவரம் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் மிலிட்டரி வழி ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகிற ஊர் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை நம் பக்கம்தான். எக்ஸ் சர்வீஸ்மேன் வீட்டில் பெண் எடுத்தவனைப் பார்த்து மற்ற சம்பந்திகள் வயிறு எரிவது வரதட்சணைக்காக என்றா நினைக்கிறீர்கள்? ஆனால் அவர்கள் கேன்டீனில் வாங்குவது அவர்களுக்கான கோட்டா. நாமாகக் கேட்கக் கூடாது. அவர்களாக ஊற்றினால் ராணுவத்துக்கு மரியாதை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் கார்கில் கதை முழுசாகக் கேட்டாக வேண்டும்.

எனக்கு வாய்த்தது பையர் வழி. அது ஒரு பொற்காலம். சென்னை நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சி நடக்கும். இத்தாலிக்காரரும் ஜெர்மன்காரரும் டூட்டி ஃப்ரீ பையோடு வந்து எங்கள் முதலாளி பாய் கையில் பாட்டிலைக் கொடுப்பார்கள். அவர் ஐந்து வேளை தொழுகிறவர். வந்த விருந்தாளியின் முகம் வாடக் கூடாதே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கார் சென்னையைத் தாண்டுவதற்குள் எனக்கு போன் வரும். "தம்பி, ஒரு பொருள் டிக்கியில இருக்கு. ராத்திரிக்குள்ள அது என் வண்டியில இருக்கக் கூடாது." முதலாளியின் உத்தரவை நான் ஒருநாளும் மறுநாளைக்குத் தள்ளியதில்லை.

அதிலும் மண் விழுந்தது. இப்போது வருகிற இளவட்ட பையர்களுக்குக் கம்பெனி விதியாம், பரிசு கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பாட்டிலுக்குப் பதிலாக எங்கள் பெயரில் எங்கேயோ மரம் நட்டதாகச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அது ஓக் மரமா என்று விசாரித்தேன், பதில் வரவில்லை. லெதர் ஒர்க்கிங் குரூப் ஆடிட் என்று ஆட்கள் வந்து தண்ணீர் மீட்டரிலிருந்து குப்பைத் தொட்டி வரை பார்த்து மார்க் போடுகிறார்கள். டேனரிக்குக் கோல்ட் ரேட்டிங் வந்தது. எனக்கு வந்துகொண்டிருந்த கோல்ட் லேபிள் போனது. பாலாற்றுக்கு நல்லது, நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் யாராவது என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி அந்தப் பெயர். அதை இங்கே எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஒரே வாரத்தில் ஸ்டாக் தீரும், மறுவாரம் விலை ஏறும், என் அக்கா மகன் அதிலும் என்னமோ வாசனை வருகிறது என்பான். ஆகவே வேறு ஏற்பாடு. லினியாபெல்லே கண்காட்சிக்கு மிலான் போகிற ஆம்பூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவர சுங்கத்தில் அனுமதி உண்டு. நீங்கள் குடிக்காதவராக இருந்தால் ரொம்ப உத்தமம். பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், நாமென்ன ஓடியா போகப்போகிறோம்.